நாலு விரல் இடைவெளி

அவர்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.
ஒன்பதரைக்கே நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.
குளிர்ந்து கிடந்தால் முதல் மூச்சில் நீலப் புகை விடும்.
விட்டது.
குளச்சல் காற்று அதை வாங்கிக்கொண்டு போனது.

வில்பிரட் குலசேகரத்துக்காரர், ரப்பர் தோட்டம்.
கதவைத் திறந்தார், சாத்தினார்,
தொப்பென்று விழுந்த அந்த ஒரு சத்தத்தில்
பாதி விலை அவருக்குப் படிந்துபோனது.
கூட வந்தவள்தான் காரியக்காரி:
மார்த்தாண்டத்து மெக்கானிக், ஜெபஷீலா,
கழுத்தில் கயிறு கட்டிய டார்ச்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை.
பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
"என்னத்துக்கு அண்ணே சூடா கெடக்கு?"
"சந்தைக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன்."
"மீன் வாடை இல்லியே."

சாக்கை விரித்து அடியில் நுழைந்தாள்.
இரண்டு செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.
திருப்புளியால் சுரண்டும் சத்தம்,
என் பல்லில் கேட்டது.
போன வாரம் அடித்த கறுப்புப் பெயின்ட்
செதில் செதிலாக உதிர்ந்தது, உள்ளே துரு.
"இங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்?"
நான் வாய் திறக்குமுன்
ஓர் அலை சொல்லிவிட்டது.

சீட் பெல்ட்டைக் கடைசி முழம்வரை இழுத்தாள்.
"வெள்ளத்துல முங்குன வண்டின்னா
இந்த எடத்துல சேறு காட்டிக் கொடுக்கும்."
சேறு இல்லை.
அந்த ஒரு பாவம் நான் செய்யவில்லை, தாயே.

பிறகு பிரேக் பெடலைக் குனிந்து பார்த்தாள்.
"மீட்டர் அறுபத்தெட்டாயிரம்னு சொல்லுது.
இந்த ரப்பர் அதைவிட ரெண்டு மடங்கு சொல்லுது."
கொச்சிக்காரன் எனக்கும்
குறைத்துத்தான் காட்டியிருப்பான் போல.
ஆறு வருஷம் கழித்து, வாங்க வந்தவள் சொல்லி
நான் ஏமாந்த கதை எனக்குத் தெரிந்தது.

மணலில் இறக்கச் சொன்னாள், இறக்கினேன்.
லோ ரேஞ்சில் போடச் சொன்னாள்.
அந்தக் குமிழை நான் திருகியதே இல்லை.
படகு நிறையக் கணவாய் கொட்டிய வருஷம் வாங்கியது;
திங்கள்சந்தைக் கல்யாணங்களுக்குப் போய்வர
நாலு சக்கரமும் இழுத்தா ஆக வேண்டும்?
குமிழ் உறுமியது, யோசித்தது, பிடித்தது.
வில்பிரட் கைதட்டினார்.
அவள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத்
தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆர்.சி. இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது.
கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதம் இருந்தது.
"ரெண்டாவது சாவி?"
"தொலைஞ்சு போச்சு."
புதுச் சாவிக்கு ஆகும் தொகையை எழுதிக் காட்டினாள்.
என் படகில் ஏழு பேருக்கு ஒரு வாரச் சம்பளம் அது.
அந்தப் படகுக்கு டீசல் அடிக்கத்தான்
இதை விற்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
விரல்களை நுழைத்து அளந்தாள்:
இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு.
வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"இன்னிக்கு அட்வான்ஸ் வேண்டாம்.
வண்டி இந்த எடத்துலயே கெடக்கட்டும்,
சாவியும் உங்க கையிலயே இருக்கட்டும்.
நாளைக்குக் காலத்த ஆறு மணிக்கு வாறேன்.
அதுவரைக்கும் ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க."
வில்பிரட் போகும்போது
இன்னொரு தடவை கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இரவு ஒன்றரை. ஜன்னலருகே நிற்கிறேன்.
எங்கோ ஒரு பையில் காற்று கசியும் மெல்லிய சத்தம்;
தெரியாதவர்களுக்கு அது கடலாகக் கேட்கும்.
இடது முன்பக்கம் ஒரு விரல் தாழ்ந்தது.
இரண்டு மணிக்கு இன்னொன்று.
ஒரு நிமிஷம் கிளப்பினால் போதும்,
மாப்பிள்ளைபோல் எழுந்து நின்றுவிடும்,
ஆறு மணிக்குள் பானட் சூடும் ஆறிவிடும்.

"யாருக்கு இப்படி முழிச்சிட்டு நிக்கீங்க?"
என்றாள் மெற்றில்டா, கண் திறக்காமலே.
ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன்.
படியில் வந்து உட்கார்ந்தேன்.

மணி மூன்று நாற்பது.
சாவி வியர்த்திருக்கிறது.
வண்டி இன்னும் ஒரு விரல் இறங்குகிறது.